வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும் உரிமை: ஒரு 130 வருடக் கதை



கடன் வாங்கியவர் தவணை தவறினால் அபராதம் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையில் பணம் சேர்ந்துவிட்டது, கடனை இன்றே கட்டி முடித்துவிடுகிறேன் என்று வருகிறவருக்கும் அபராதம் போட முடியுமா? போட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 2010 வரை வீட்டுக் கடனில் இது சர்வ சாதாரணம். அதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. கெடு முடிவதற்கு முன் கட்ட வருகிற பணத்தை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கடன் கொடுத்தவருக்குக் கிடையாது.

எங்கள் நெருப்பெரிச்சலில் பத்திரப் பதிவு அலுவலகம் இருப்பதால் எம்.ஓ.டி., ரசீது, வில்லங்கம் போன்ற வார்த்தைகள் டீக்கடையிலேயே காதில் விழும். கடன் வாங்குவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். அதைச் சீக்கிரம் முடிப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த உரிமை நமக்கு எப்படி வந்தது, வந்த பிறகும் அதை ஏன் நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

1882: தாமதமாக வந்தவருக்குக் கருணை, சீக்கிரம் வந்தவருக்குக் கதவு மூடல்

இந்தியாவில் அடமானத்துக்கு அடிப்படை 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்த இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 58-வது பிரிவு அடமான வகைகளைச் சொல்கிறது. நாம் ஒத்தி, போக்கியம் என்று சொல்லும் அனுபோக அடமானமும் அதில் ஒன்று. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையும் (இன்றைய வங்கிக் கடன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்) அதில் ஒன்று.

60-வது பிரிவுதான் நமக்கு முக்கியம். அடமானம் வைத்தவர் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையைத் தருவது அதுதான். இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த ஒரு கொள்கை இதன் பின்னால் இருக்கிறது: ஒருமுறை அடமானம் என்றால் என்றைக்கும் அடமானம்தான். கெடு தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டையோ நிலத்தையோ கடன் கொடுத்தவர் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாது. தாமதமாக வந்தாலும் பணத்தைக் கட்டி மீட்கலாம். பணத்தை வாங்காமல் கடன்காரர் இழுத்தடித்தால் நீதிமன்றத்தில் கட்டிவிடவும் 83-வது பிரிவு வழி கொடுத்தது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் இரண்டு பிரிவுகளிலும் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. அசலைக் கட்ட வேண்டிய காலம் வந்த *பிறகு* தான் அந்த உரிமை. பத்து வருடக் கெடு போட்டுவிட்டு நான்காவது வருடம் பணத்தோடு போனால்? பத்திரத்தில் அதற்கு இடம் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1914-ல் பக்தாவர் பேகம் எதிர் ஹுசைனி கானும் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தனியாக நிபந்தனை எதுவும் இல்லாதபோது, மீட்கும் உரிமை கெடு முடிந்த பிறகே எழும்.

இதற்கு ஒரு நியாயமும் சொல்லலாம். ஒத்திக்கு நிலம் வாங்கியவர் விளைச்சலை நம்பித்தான் பணம் கொடுக்கிறார், பாதியில் பிடுங்கினால் அவருக்கு நஷ்டம். ஆனால் விளைவைப் பாருங்கள். கடனாளி கஷ்டப்பட்டால் சட்டம் அவரைக் காப்பாற்றியது. அதே கடனாளி முன்னேறிவிட்டால் கைவிட்டது. ஒத்தியில் பகுதி பகுதியாகக் கட்டுவதற்கும் அர்த்தம் கிடையாது. பாதிப் பணம் கொடுத்ததற்காக யாரும் பாதி நிலத்தைத் திருப்பித் தரப்போவதில்லை.

கோயம்புத்தூரைப் பற்றி எழுதியவர் கடனைப் பற்றி எழுதியது

ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை நம் பக்கத்தில் வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1887-ல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அவர் தொகுத்ததுதான். திருப்பூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 2009-ல்தான்). பிறகு சென்னை மாகாண அரசு இவரை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை வந்தது. மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கூட்டுறவு முறையை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அறிக்கையின் சாரம். 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு இது ஒரு வித்து.

ஆனால் கூட்டுறவு சங்கங்கள் கொடுத்தது சின்னக் கடன், குறுகிய காலம். நிலத்தின் மேல் இருந்த பழைய அடமானத்தை மீட்க அது போதாது. 1929-ல் சென்னை மத்திய நில அடமான வங்கி வந்தது. நீண்ட காலக் கடன்; வருடா வருடம் அசலும் வட்டியும் சேர்ந்த சமமான தவணை. இன்றைய இ.எம்.ஐ.யின் தாத்தா என்றே இதைச் சொல்லலாம் :-)

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வங்கிக்குப் பணம் வந்த வழி டிபென்சர்கள். முதலீட்டாளர்களுக்குப் பல வருடங்களுக்கு இவ்வளவு வட்டி என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பணம். கடன் வாங்கியவர் பாதியில் மொத்தத்தையும் கட்டிவிட்டால், அந்தப் பணத்தை வங்கி வேறு யாருக்காவது அதே வட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். முடியாவிட்டால் நஷ்டம். 2000-களில் வங்கிகள் அபராதத்துக்குச் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுவேதான். எனவே கடன் கொடுக்கிறவர் தரப்பு வாதம் வெறும் பேராசை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நிலையான வட்டியில் கடன் கொடுப்பவருக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

1938: இரண்டு மடங்கு கட்டியவருக்கு விடுதலை

1930-களில் உலகப் பொருளாதார மந்தம். விளைபொருள் விலை சரிந்தது, ஆனால் கடன் பத்திரத்தில் எழுதிய தொகை சரியவில்லை. 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி கொடுத்த அறிக்கை மாகாணத்தின் விவசாயக் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என்றது. நிக்கல்சன் சொன்ன 45 கோடி எங்கே, இது எங்கே!

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. 1938-ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி ரத்து. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு விவசாயி அசலாகவோ வட்டியாகவோ மொத்தத்தில் அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால், அந்தக் கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கருதப்படும்.

இன்று இதைப் படிக்கும்போது தூக்கிவாரிப் போடுகிறது. காரணம், 20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் நாம் கட்டும் மொத்தம் ஏறக்குறைய 43 லட்சம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 1938 சட்டம் எந்த அளவைத் தாண்டினால் போதும் என்று கோடு போட்டதோ, அந்தக் கோட்டை இன்றைய சாதாரண வீட்டுக் கடன் சத்தமில்லாமல் தாண்டுகிறது. (அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல, பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

1977-க்குப் பிறகு: மாதச் சம்பளக்காரர்களின் கடன்

நகரத்து நடுத்தர வர்க்கம் வீடு கட்ட வெகு காலம் நம்பியிருந்தது பி.எஃப். பணத்தையும் நகையையும் சொந்தபந்தங்களையும்தான். ஐ.சி.ஐ.சி.ஐ.யில் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஹஸ்முக்பாய் பாரேக் 1977-ல் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். வீட்டுக் கடனுக்கென்றே ஒரு தனியார் நிறுவனம். (2023 ஜூலையில் அது எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்துவிட்டது.) 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. 1990-களின் கடைசியில் வங்கிகளும் போட்டியில் குதித்தன.

இந்தக் காலத்தில் முன்கூட்டிக் கட்டுகிறவருக்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது கண்ணுக்குத் தெரிந்த தடை. கடனை முன்னாடி முடித்தால் பாக்கித் தொகையில் 2 சதவீதம் போல அபராதம். 15 லட்சம் பாக்கி என்றால் 30,000 ரூபாய்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத தடை. சில நிறுவனங்கள் வட்டியை வருடத்துக்கு ஒருமுறைதான் புதிதாகக் கணக்குப் போட்டன. வருட ஆரம்பத்தில் இருந்த அசலுக்கு வருடம் முழுவதும் வட்டி. நீங்கள் மே மாதம் கூடுதலாகக் கட்டிய பணத்தின் பலன் அடுத்த ஏப்ரலில்தான் தெரியும். மாதாந்திரக் குறைவு, தினசரிக் குறைவு என்ற முறைகள் பரவிய பிறகுதான் கட்டிய பணம் உடனே வேலை செய்ய ஆரம்பித்தது.

இதில் இன்னொரு அநியாயமும் நடந்தது. மாறும் வட்டி என்று சொல்லித்தான் கடன் கொடுத்தார்கள். சந்தையில் வட்டி குறைந்தபோது புது வாடிக்கையாளருக்குக் குறைத்தார்கள், பழைய வாடிக்கையாளர் பழைய வட்டியிலேயே கிடந்தார். அவர் வேறு வங்கிக்கு மாறலாம் என்றால் குறுக்கே அபராதம் நின்றது. முன்பு சொன்ன டிபென்சர் வாதம் இங்கே பொருந்தாது. வட்டி ஏறும் ஆபத்தைக் கடனாளியின் தலையில் வைத்த பிறகு, வெளியே போகும் கதவையும் பூட்டுவதற்கு என்ன நியாயம்?

2010 முதல் 2014: கதவு திறந்தது

இந்த அபராதம் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது. 2010 டிசம்பரில் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் சட்ட மீறல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

அதே 2010 அக்டோபரில் தேசிய வீட்டுவசதி வங்கி, சொந்தப் பணத்தில் கடனை முடிக்கிறவர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. 2011 அக்டோபரில், மாறும் வட்டிக் கடன் என்றால் பணம் எங்கிருந்து வந்தாலும் அபராதம் இல்லை என்று விரிவாக்கியது. வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த தாமோதரன் குழுவின் பரிந்துரையும் வந்தது. 2012 ஜூன் 5 அன்று ரிசர்வ் வங்கி, மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் முன்கூட்டிக் கட்டும் அபராதம் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2014-ல் தனிநபர்கள் வாங்கும் மற்ற மாறும் வட்டிக் கடன்களுக்கும் இது நீண்டது.

1882 முதல் 2012 வரை சரியாக 130 வருடம். கடன் கொடுத்தவர் மனம் வைத்தால்தான் என்றிருந்த ஒன்று கடன் வாங்கியவரின் உரிமையாக மாற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

பி.காம். படிக்கிறவன் கணக்கு இல்லாமல் கட்டுரையை முடிக்க முடியுமா?

அதே 20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம். இ.எம்.ஐ. ஏறக்குறைய 17,995 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி மட்டும் 15,000. அசலில் கழிவது 2,995 தான். மொத்த வட்டி சுமார் 23 லட்சத்து 19 ஆயிரம்.

இப்போது மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவோம். கடன் 186 மாதத்தில், அதாவது பதினைந்தரை வருடத்தில் முடிகிறது. மொத்த வட்டி சுமார் 17 லட்சத்து 12 ஆயிரம். மிச்சம் 6 லட்சத்துக்கு மேல், நான்கரை வருடம் முன்பே விடுதலை.

மாதா மாதம் முடியாதா? தீபாவளி போனசில் வருடத்துக்கு ஒருமுறை 18,000 மட்டும் அசலில் கட்டினால்கூட ஏறக்குறைய மூன்றரை வருடம் குறைகிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் கழிகிறது. கழிந்த ரூபாய்க்கு மீதமுள்ள வருடங்கள் முழுவதும் வட்டி கிடையாது. அதனால்தான் முதல் ஐந்து வருடத்தில் கட்டும் ஆயிரத்துக்கும் கடைசி ஐந்து வருடத்தில் கட்டும் ஆயிரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எதிர்த்திசையில் ஓடும் கடிகாரம்

உரிமை வந்துவிட்டது, சரி. ஆனால் யாரும் கேட்காமல் இருந்தால் என்ன ஆகும்? 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. வட்டி ஏறியபோது பல கடன்களில் இ.எம்.ஐ. ஏறவில்லை. மாறாகத் தவணைக் காலம் நீண்டது. இ.எம்.ஐ. மாறாததால் நிறையப் பேருக்கு அது உறைக்கவே இல்லை.

எவ்வளவு நீளும்? 7 சதவீதத்தில் 20 லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ. 15,506. வாங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டி 9 சதவீதம் ஆகி, இ.எம்.ஐ.யை மாற்றாமல் விட்டால் கடன் முடிய 38 வருடம் ஆகும்! 30 வயதில் வாங்கியவர் 68 வயதில் முடிப்பார். வங்கிகள் இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள், ஆனாலும் கணக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று புரிகிறது அல்லவா?

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கும் ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும். பகுதியாகவோ முழுவதுமாகவோ எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டவும் விட வேண்டும். அடுத்த மாதமே இன்னொரு விதி: கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

திருப்பூருக்கு இதில் என்ன?

வீட்டுக் கடன் என்பதே மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் வேலை. இப்படிப்பட்ட வருமானத்துக்குப் பெரிய இ.எம்.ஐ. ஆபத்து. குறைந்த இ.எம்.ஐ. வைத்துக்கொண்டு, வேலை நிறைய இருக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அபராதம் இருந்த காலத்தில் இந்த வழி எளிதாக இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

சின்னதாகச் செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. தொழிலுக்காக வாங்கும் கடன்கள் 2014 விதிக்கு வெளியே நின்றன. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, 2026 ஜனவரி 1 முதல் புதிதாக வாங்கும் அல்லது புதுப்பிக்கும் மாறும் வட்டித் தொழில் கடன்களுக்கும், தனிநபர்களிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் வணிக வங்கிகள் இந்த அபராதம் வாங்க முடியாது. சிறு நிதி வங்கி போன்ற சிலவற்றுக்கு 50 லட்சம் வரையான கடன்களில்தான் இந்தத் தடை.

முன்கூட்டிக் கட்ட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று பத்திரத்தில் பாருங்கள். நிலையான வட்டி என்றால் அபராதம் இருக்கலாம்.
2. கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.
3. இ.எம்.ஐ.யைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று கேளுங்கள். மிச்சம் அதில்தான் அதிகம்.
4. அதைவிட அதிக வட்டிக் கடன் (கந்து வட்டி, கிரெடிட் கார்டு, நகைக் கடன்) இருந்தால் முதலில் அதை முடியுங்கள். வேலை இல்லாத நாட்களுக்கு நாலைந்து மாதச் செலவுப் பணத்தையும் ஒதுக்கிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். வீட்டில் கட்டிய பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது.
5. கடன் முடிந்ததும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். பதிவேட்டில் கடன் நீங்கினால்தான் வீடு முழுசாக நம்முடையது.

"வீட்டுக் கடனுக்கு வரிச் சலுகை உண்டே, ஏன் அவசரப்பட்டு அடைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு வருடம் 2 லட்சம் ரூபாய் வட்டி வரை கழிவு கிடைக்கும், உண்மைதான். ஆனால் 2023-24 முதல் இயல்பாகப் பொருந்துகிற புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. வரியே கட்டாத தையல்காரருக்கு அந்தச் சலுகையால் என்றைக்கும் பயன் இருந்ததில்லை.

1914-ல் ஒருவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கெடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மாறும் வட்டி வீட்டுக் கடனில் நம்மைக் காக்க வைக்கும் விதி எதுவும் இல்லை, கேட்டால் போதும். ஆனால் நாம் கேட்காதவரை தவணைக் காலம் நீளத்தான் செய்யும். உங்கள் வீட்டில் கடன் இருந்தால் கடைசியாக வந்த வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாங்கும்போது சொன்ன எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.